அம்சவல்லி என்ன சொன்னாள்?

— சோறு எங்கியும் ஓடிப் பூடாது மேரிக்கா. பஞ்சாயத்துல அத்தினி பேரு நடுவுல அம்சவல்லிய நிக்க வெச்சிட்டு, நீ இங்க குந்திக்கினு கருவாடு கடிச்சிக்கினு கீறியே, உனக்கே நாயமா கீதா?

— ஏட்டி ஜோதி, ஆறு வாரங் கழிச்சு இப்பத்தாம் கம்பெனிக்குள்ள கால வச்சிருக்க. எக்கா, நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை உண்டா? வந்ததும் வராததுமா அம்சவல்லியக் கேக்க!

— நீ நல்லாதான் கீற, கண்ணால பாக்கறேனே. உன் கதைல அவ இன்னா ஆனான்னுதான் தெர்ல. வூட்ல படுத்துக்கினு மோட்டுவளைய பாத்து யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சு பூட்சு. எங்கூரு வடக்குப்பட்டுல யாரக் கேக்கறது? எங்கம்மாவுக்கு கதைன்னா, ரேஷன்ல சக்கரை போடுவானா மாட்டானா, அதான் கதை.

— மொதல்ல கைய காட்டு.

— அய்ய, கம்பெனி கேட்டாண்டேர்ந்து அல்லாரும் இதே பாட்டு. எக்ஜிபிஷன் வெச்சு டிக்கெட் போடலாம் போல. இந்தா, பாத்துக்கோ. ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் கட்டுக்குள்ள பாதிப் பாதி. எடது கைதான? சோறு துன்றதுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆள்காட்டியே இல்லாததால இனிமே எவனையும் காட்டிக் குடுக்க முடியாது, அவ்ளோதான்.

— மாதாவே! சிரிக்காதட்டி.

— அழுதா மட்டும் திரும்ப மொளைக்கவா போவுது? இது இன்னா, வெண்டக்காயா? அத்த வுடு. எனக்காக கோழி அடிச்சீங்களாமே?

— ஒனக்காவ இல்ல, மெஷினுக்காவ. நாலாம் நம்பர் காவு கேக்குன்னு மொதல்ல சொன்னது பக்கத்து மெஷினு ஓட்டுத பரசுராமந்தாம். போன வருசத்து ஆயுத பூசையில எல்லா மெஷினுக்கும் சந்தனம் பொட்டு வச்சவுக, இதுக்கு மட்டும் வைக்க மறந்துட்டாவளாம். அந்தக் கோவத்துல வெரல எடுத்துட்டுதாம். ஒரு சேவல அறுத்து, ரத்தத்த நாலு மூலையிலயும் தெளிச்சு, கற்பூரங் காட்டி…

— கொழம்பு?

— கொழம்பு நல்லாத்தாம் இருந்துச்சு.

— அடிப்பாவி! வெரலு என்னுது, கொழம்பு உங்குளுதா? வீட்ல படுத்துக் கீறவளுக்கு ஒரு தூக்குல அனுப்பத் தோணலியே ஒருத்தருக்கும்!

— நீதாம் புரட்டாசி மாசம் கவிச்சி தொட மாட்டியே.

— அது ஆவணி கடைசி. கணக்கு காட்டாத. பொட்டு வெக்காததால வெரல் போச்சாம், நல்ல நாயம். பட்டன்ல ரப்பர் துண்ட சொருகி வெச்சதால போச்சுன்னு ஒரு வாய் சொல்லல பாரு.

— பைய பேசு. சத்தம் போடாத.

— இன்னா பைய? உனக்கு இன்னா தெரியும் அத்த பத்தி? நீ மேசையில உக்காந்துக்கினு வாஷரு ஓரத்துல பிசிறு வெட்டறவ. நான் சொல்றேன் கேளு. நாலாம் நம்பர்ல ரெண்டு பட்டன் கீது. ரெண்டு கையாலயும் ரெண்டத்தையும் ஒண்ணா அமுக்கினாதான் கொதிக்கற மேல் தகடு எறங்கும். எதுக்கு ரெண்டு வெச்சான்? ரெண்டு கையும் பட்டன் மேல கீதுன்னா, உள்ள மாட்டிக்கினு நசுங்க கை ஏது?

— ம்.

— இங்க இன்னா பண்றாங்க? ஒரு பட்டன்ல துண்ட சொருகிட்டா அது அமுங்கினாப்லயே நிக்கும். இன்னொண்ண ஒரு கையால அமுக்கினா போதும், மெஷினு மூடிக்கும். மிச்சம் கீற கையால அடுத்த ரப்பர எடுத்து வெக்கலாம். பீசு ஜாஸ்தி வரும், சூப்பர்வைசருக்கு மேல நல்ல பேரு. அப்டி மிச்சம் புடிச்ச கையத்தான் அது கடிச்சுது. சேவல கேட்டுச்சாம் சேவல!

— தெரியுமட்டி.

— இன்னா தெரியும்?

— ஒண்ணும் இல்ல. நீ சொன்னா தெரியுது. இந்தா, ஒரு துண்டு சாளக் கருவாடு. எங்க ஊருலேந்து வந்தது.

— உங்க ஊரு கருவாடும் சரி, உங்க ஊரு பேச்சும் சரி, பத்து வூட்டுக்கு தெரியும். மே மாசத்துல குண்டு வெடிச்சு ஸ்ரீபெரும்புதூர் பூரா போலீசா நின்னப்ப, உன் பேச்ச கேட்டு வூட்டு ஓனரம்மா நீ சிலோனான்னு கேட்டாங்க இல்ல?

— அந்த மூதிக்கு ஞானஸ்நான சர்டிபிகேட்டயே கொண்டு காட்டுனேன். தூத்துக்குடிக்கு அங்கிட்டு கடல்தாம், ஆனா நான் இங்கிட்டுதாம்னேன். நம்புனாளோ என்னவோ, அன்னைலேந்து தண்ணி ஒரு கொடம் ஜாஸ்தியா குடுக்கா.

— சரி, கருவாட்ட காட்டி பேச்ச மாத்தாத. அம்சவல்லி. நான் வுட்ட எடத்துலேர்ந்து சொல்லு. உப்பளத்து மொதலாளி மவன் பிரேக்கு புடிக்காத லாரிய ஓட்டிக்கினு வந்து, கூலிக்காரன் மண்ணாங்கட்டி கால்ல ஏத்திட்டான். மண்ணாங்கட்டி குடிச்சிட்டு குறுக்க வந்து வுழுந்தான்னு மொதலாளி சாதிக்கறாரு.

— கண்ணால பாத்தது அம்சவல்லி ஒருத்திதாம்.

— பஞ்சாயத்துல அவள கூப்ட்டு, இன்னாம்மா பாத்தன்னு கேட்டாங்க. அதோட நீ பெல்லு அட்ச்சிட்டான்னு எந்திரிச்சு பூட்ட. மறுநாள் காலைல என் கை பூடுச்சு. இப்ப சொல்லு. அவ இன்னா சொன்னா?

— சொல்லுதேன். கூட்டமே அவ வாயப் பாத்துட்டு இருக்கு. மொதலாளி மீசையத் தடவுதாரு. மண்ணாங்கட்டி பொண்டாட்டி கும்பிட்டுட்டு நிக்கா. அம்சவல்லி நிமிந்து பாத்தா…

— பாத்தா?

— பாத்துட்டு தலையக் குனிஞ்சா. நான் ஒண்ணும் பாக்கலய்யா, அந்நேரம் உப்பு வாரிட்டு இருந்தேன்னா. எல்லாரும் கலைஞ்சு போயிட்டாவ. கத முடிஞ்சுது. வெரசா சாப்புடு.

— இன்னாது?

— முடிஞ்சுதுட்டி.

— யாரு? அம்சவல்லியா? ஒண்ணும் பாக்கலன்னு சொன்னாளா? யக்கா, நீ வேற யாரோ கதைய சொல்ற. அவள எனக்கு தெரியும். புருசன் பூட்டப்பறம் மாமியாக்காரி கதவ சாத்தினப்ப, அதே கதவுக்கு நேர் எதிர்ல அடுப்பு மூட்டி இட்லி சுட்டு வித்தவ அவ. மாமியாக்காரியே கடைசில ரெண்டு இட்லி கடன் கேட்டா!

— அது அப்ப.

— கைய புடிச்ச மேஸ்திரி சைக்கிள தூக்கி பனமரத்துல மாட்டினவ.

— அது சும்மா சிரிக்கதுக்கு சொன்னது. பனமரத்துல சைக்கிள எப்படிட்டி மாட்ட முடியும்?

— அவ மாட்டினா. நாங்க பாத்தோம்.

— நீங்க எங்க பாத்திய? நாந்தாம் சொன்னேன். அவள உண்டாக்குனவ நாந்தாம். அவ என்ன சொல்லுவா, சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியாதா?

— பெத்தது நீ, ஒத்துக்கறேன். வளத்தது நாங்க. கதை சொல்லசொல்ல உன் கை நின்னு பூடும்னு, மேசையில கீற அத்தினி பேரும் ஆளுக்கு ஒரு கை வாஷரு பிசிறு வெட்டி உன் கூடையில போட்டாங்களா இல்லியா? நான் நாலாம் நம்பர்ல நின்னுக்கினே கதை கேட்டுட்டு, பெல்லு அட்ச்சப்பறம் வந்து வெட்டிக் குடுத்தனா இல்லியா? எங்க உழைப்ப துன்னு வளந்தவ அவ. அவ இஷ்டத்துக்கு தல குனிய எங்க பர்மிசன் வாணும்.

— கோட்டி புடிச்சவளே, நான் சொல்லுதத கேளு. அவ இருக்க குடிசை மொதலாளி குடுத்தது. வாயத் தொறந்தா சட்டி பான எல்லாம் தெருவுல. வேலையும் போயிரும். ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவா? வீரம் சோறு போடாது பாத்துக்கோ.

— ஓகோ.

— என்ன ஓகோ?

— எங்கியோ கேட்டாப்ல கீதேன்னு பாத்தேன். என் கதைய எடுத்து உங்க ஊரு உப்ப போட்டு எனக்கே பரிமாறுற, இல்ல? சூப்பர்வைசரு தணிகாசலம் சார் உங்கிட்டயும் வந்து பேசிட்டாரா?

— பேசுனாரு. ஒனக்கு நல்லதுதாம் சொன்னாரு.

— என்னையும் கேட்டாண்ட வெச்சே புட்ச்சிட்டாரு. இன்னிக்கி சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் கம்பெனிய செக் பண்ற கவர்மென்ட்டு இன்ஸ்பெக்டரு வராராம். என்னிய கேப்பாராம். தூக்கக் கலக்கத்துல கைய உள்ள வுட்டுட்டேன்னு சொல்லிடும்மா, பேக்கிங்ல உக்காந்த வேலை, பெர்மனென்ட் பண்ணிர்றோம்னாரு. பட்டனு கிட்டனுன்னு வாயத் தொறந்தா, ஊனம் பட்ட கைக்கு இங்க வேலை ஏதுன்னு மேனேஜரு கேப்பாராம்.

— சொல்லிரு தாயி.

— தூக்கக் கலக்கம்னா?

— ஆமா. ஒரு வார்த்தை, அவ்வளவுதாம். ஒங்கப்பா இல்ல. அம்மா களை எடுத்து எத்தன நாளைக்கு ஓட்டும்? தம்பி ஸ்ரீதர் பத்தாங் கிளாஸ் எழுதப் போறாம். கதையில உள்ளவளுக்கு என்ன? பசின்னா அடுத்த பேச்சுல நான் சோறு போட்டுருவேன். ஒனக்கு யாருட்டி போடுவா?

— நானும் அப்டிதான் சொல்லப் போறேன்.

— பின்ன எதுக்கு இம்புட்டு நேரம் என் உயிர வாங்குன?

— நான் பேச மாட்டேன்க்கா. அதான் அவளாச்சும் பேசட்டும்னு பாத்தேன்.

— ஏட்டி…

— உனக்கு தெரியாது. ஆஸ்பத்திரில தையல் போடசொல்ல, மரத்துப் போற ஊசி சரியா புடிக்கல. ஊசி உள்ள போயி வெளிய வரது தெரியுது. கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அம்சவல்லி சொத்தைப் பல்லுல கயிறு கட்டி அவளே இழுத்துக்கினது ஞாபகம் வந்துச்சு. வாய மூடிக்கினேன். டாக்டரு பாத்துட்டு, வலிக்கலியாமான்னாரு. எங்க பக்கத்து பொம்பளைங்க அப்டிதான் சார்னேன். அம்மாம் பொய்யி. வெளிய வந்து பெஞ்சுல குந்திக்கினு அப்டி அழுதேன். ஆனா உள்ள அழுவல.

— நீ சொல்லவே இல்லயே.

— சொல்ல நீ எங்க வந்த? ஒரு ஞாயித்துக்கிழமை வருவன்னு பாத்தேன். இப்ப நானும் பேசாம, அவளும் தலைய குனிஞ்சிட்டா, அடுத்த தபா வலிக்கசொல்ல நான் யாரக்கா நெனச்சுக்கறது?

— சரி, சரி. கண்ணத் தொட. மாத்திச் சொல்லுதேன்.

— எனக்காக மாத்த வாணாம்.

— ஒனக்காவ இல்ல. எனக்கும் அது தொண்டைக்குள்ள எறங்கல. கேளு. அம்சவல்லி தலையக் குனிஞ்சா. ஒண்ணும் பாக்கலன்னு சொல்லத்தாம் வாயத் தொறந்தா. பாத்தா, மண்ணாங்கட்டி பொண்டாட்டி கும்பிட்ட கைய பைய எறக்குதா. இவளும் சொல்ல மாட்டான்னு அவளே முடிவு கட்டிட்டா. அதக் கண்டதும் இவளுக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு.

— ஆங். இதான் அம்சவல்லி.

— பாத்தேம்யா, இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். லாரிதாம் அவம் மேல வந்துது, அவன் லாரி மேல போவலன்னா. மொதலாளி எந்திரிச்சு, ஒங் குடிசையப் பிரிச்சிருவேம்னாரு. தாராளமா பிரிங்க, ஆனா ஓலை நான் காசு போட்டு வாங்குனது, பாத்துப் பிரிங்க, கிழிச்சிராதிய, அடுத்த எடத்துல வேயணும்லான்னா.

— அய்யோ, ஷோக்கு! கிழிச்சிராதியன்னாளா! அப்பறம் அவரு மூஞ்சி எப்டி ஆச்சு?

— உப்பு மழையில கரைஞ்சாப்ல.

— போதும்க்கா. வயிறு ரொம்பிடுச்சு. இனிமே இன்ஸ்பெக்டராண்ட போயி தூக்கக் கலக்கம்னு சொல்லிட்டு வந்துருவேன். ஆமா, இத்த நீ இப்பதான கட்டின? அப்ப இந்த ஆறு வாரமா மேசையில அவுங்களுக்கு இன்னா சொன்ன?

— மேசையில கதை இல்லட்டி இப்ப.

— ஏன்?

— தொண்டை சரியில்ல.

— எங்கிட்ட இம்மா நேரம் பேசற தொண்டை. அது சரி, முழங்கைக்கு கீழ இன்னாக்கா நீளமா கருத்துக் கீது? சுட்டுக்கினியா?

— தோசக்கல்லு பட்டுட்டு.

— தோசக்கல்லு முழங்கையாண்ட எப்டிக்கா படும்? நீ இன்னா கல்லுக்குள்ள தலைய வுட்டா தோசை சுட்ட?

— சும்மா நச்சரிக்காதட்டி. கைய கழுவிட்டு வா, நேரமாச்சு.

— மேரி! உங்கள எங்கெல்லாம் தேடறது? இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, ஆபீஸ்ல டீ குடிச்சிட்டிருக்காரு. ஓடுங்க, நாலாம் நம்பர் பட்டன்ல நீங்க வேலைக்கு சொருகி வெச்சிருக்க துண்ட எடுத்து எங்கயாவது போடுங்க. அவர் கெளம்பினதும் மறுபடி சொருகிக்கலாம். நான் சொல்றத மட்டும் கேளுங்க, புரியுதா?

— தணிகாசலம் சார், ஒரு நிமிசம். நாலாம் நம்பருக்கு மேரிக்கா எதுக்கு?

— எதுக்குன்னா? அவங்கதானம்மா ஆறு வாரமா ஓட்டறாங்க. உனக்கு தெரியாதா? ஆம்பளைங்க ஒருத்தனும் அதுங்கிட்ட வரல. கோழி அறுத்தும் வரல, சாப்பிட மட்டும் வந்தானுங்க. சரி, ஜோதி எடத்துக்கு புது ஆள் போட்டுடுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இவங்கதான், அவ வர்ற வரைக்கும் நான் நிக்கறேன், அவ பேர எடுக்காதீங்கன்னு வந்து நின்னாங்க.

— அந்த துண்டு இன்னும் அங்கதான் கீதா சார்? என் கை போனப்பறமும்?

— எனக்கு மட்டும் ஆசையாம்மா? துண்டு இல்லன்னா சொன்ன பீஸ் வராது. எனக்கும் மேல ரெண்டு பேர் இருக்காங்க, நானும் புள்ளக்குட்டிக்காரன். நீ நான் சொன்னத மட்டும் சொல்லு, உனக்கு பேக்கிங் வேலை நிச்சயம். நான் போய் அவர கூட்டிட்டு வரேன். மேரி, சீக்கிரம்!

— தோசக்கல்லு.

— விடு ஜோதி.

— தகடு சுட்டதுதான இது? எனக்கும் இதே எடத்துலதான் சுடும். ஆறு வாரமா சூடு வாங்கிக்கினு, ஒண்ணுமே தெரியாதாட்டம் பட்டன பத்தி என்னையே பேச வுட்டு கேட்டுக்கினு இருந்த! பல்லிய பாத்தா பெஞ்சு மேல ஏறி நிக்கறவ நீ!

— இப்பயும் ஏறத்தாம் செய்வேன். நான் தைரியசாலின்னு எவ சொன்னா? தகடு எறங்குத ஒவ்வொரு வாட்டியும் சேசுவேன்னுதாம் கைய இழுக்கேன். வீட்டுக்குப் போனா அள்ளுன சோறு பாதி கீழ சிந்துது. அதாம் ஒன்ன வந்து பாக்கல. பாத்தா சொல்லிருவேன்.

— பின்ன ஏன்க்கா போயி நின்ன?

— மேனேஜர் ஒம் பேர அடிக்கச் சொன்னப்ப மேசையில எல்லாரும் என்னயப் பாத்தாவ. ஒரு வருசமா அங்கன உக்காந்து அம்சவல்லி வீரத்த அளந்து ஊத்திட்டு, நான் மாட்டேம்னு எந்த வாயால சொல்லுதது? உண்டாக்குனவ நாந்தாம். ஆனா அவ என்னையப் பாத்துட்டுல்லா நிக்கா!

— நான் பேக்கிங் பூட்டா நாலாம் நம்பர்ல யாரு?

— நாந்தாம். வேற யாரு வருவா?

— துண்டோடவா?

— அத ஒனக்கு எதுக்கு? நீ சொல்ல வேண்டியத சொல்லிட்டு நல்லபடியா பேக்கிங்ல போய் உக்காரு. என்னைய விடு, போயி அந்தத் துண்ட எடுக்கணும்.

— உக்காரு.

— ஏட்டி, அந்தக் கையால புடிக்காத, புண்ணு ஒனக்கு! கட்டு அவுந்துரும்! இழுத்தா வலிக்கும்ட்டி!

— அதான் இந்தக் கையால புடிச்சிக் கீறேன். நீ இழுக்க மாட்ட. உக்காரு.

— இன்ஸ்பெக்டரு வந்துட்டாரு. துண்டு அங்கயே இருக்கு. சேசுவே, ரெண்டு பேரு வேலையும் போவப் போவுது.

— வாங்க சார், இந்தப் பக்கம். இதான் சார் அந்தப் பொண்ணு, ஜோதி. நல்ல பொண்ணு, என்ன, கொஞ்சம் தூக்கக் கலக்கம். ஜோதி, சார் கேக்கறாரு பாரு, பயப்படாம சொல்லும்மா. கை எப்படி போச்சு?

— என்னுது போச்சு சார், அத்த வுடுங்க. நாலாம் நம்பர் பட்டன்ல சொருகினது இன்னும் அப்டியேதான் கீது, வாங்க காட்டறேன். எங்க மேரிக்காவுக்கு இன்னும் பத்து வெரலும் முழுசா கீது.